கொம்புப் பிடி கோணினால்: பழைய சவரக்கத்திக்குக் குறி பார்த்து வைத்தியம்

பழைய மடக்குச் சவரக்கத்தியை மூடும்போது அதன் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, விலங்குக் கொம்பால் செய்த பிடியின் ஒரு பக்கப் பட்டையில் உரசுகிறது. உடனே பலர் கொம்பு கோணிவிட்டது என்று முடிவுகட்டி அடுப்பில் வெந்நீர் வைத்துவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். குற்றம் ஆணியிலோ ஆப்பிலோ இருந்தால், வேகவைத்த கொம்பு அந்த ஆணி இழுத்த பக்கமாகவே போய் உறையும். நேராக இருந்த பட்டையை நாமே கோணலாக்கிய கதை ஆகிவிடும். அதனால் கத்தி, ஆணி, ஆப்பு மூன்றையும் பார்த்த பிறகுதான் கொம்பைத் தொட வேண்டும்.

பெயர்களைச் சொல்லிவிடலாம். பிடி என்பது இரண்டு பட்டைகள். கத்தியின் கழுத்தைக் கோத்து நிற்பது கழுத்து ஆணி. வால் பக்கம் இரண்டு பட்டைக்கும் நடுவே இருப்பது ஆப்பு. ஈயம், கொம்பு, எலும்பு எதிலும் செய்திருப்பார்கள். அதைப் பிடித்திருப்பது ஆப்பு ஆணி. சில கத்திகளில் இடையில் நடு ஆணி ஒன்றும் உண்டு. அளவு பார்க்க ஒரு இரும்பு ஸ்கேலும் காலாவதியான இரண்டு ஏடிஎம் அட்டைகளும் போதும். அட்டையின் தடிமன் உலகமெங்கும் 0.76 மி.மீ. தான். இதைவிட நல்ல இலவச அளவுகோல் கிடையாது.

முதலில்: அது கொம்புதானா?

மூர் மார்க்கெட் பக்கத்து நடைபாதையிலோ, ராயபுரத்துப் பழைய சலூன் ஒன்றின் இழுப்பறையிலோ கிடைக்கும் இங்கிலாந்து ஷெஃபீல்டு, ஜெர்மனி சோலிங்கன் கத்திகளில் எல்லாமே கொம்பு அல்ல. செல்லுலாய்டு, பேக்கலைட் என்ற பழைய பிளாஸ்டிக் வகைகள் உண்டு, கடின ரப்பர் உண்டு. கருப்பாக இருந்தால் கண்ணால் மட்டும் பிரிக்க முடியாது.

பட்டையைத் துணியில் அரை நிமிடம் விடாமல் தேய்த்து, சூடு இருக்கும்போதே முகர்ந்து பாருங்கள். கோயில் தட்டு வாசனை வந்தால் செல்லுலாய்டு. அதைச் செய்யும்போதே கற்பூரம் சேர்ப்பார்கள், அந்த வாசனை எளிதில் போகாது. இது தீக்குச்சி மாதிரிப் பற்றிக்கொள்ளும். அடுப்பு, சூடான ஊசி, ஹாட் ஏர் கன் எதையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். கந்தக நாற்றம் என்றால் கடின ரப்பர். கார்பாலிக் சோப்பு வாசனை என்றால் பேக்கலைட். அது சூட்டுக்கு இளகவே இளகாது, வளைத்தால் உடையும். முடி கருகியது போல லேசான வாடை வந்தால் கொம்பு. போன் டார்ச்சைப் பின்னால் பிடித்தால் கொம்பின் மெல்லிய ஓரம் செம்பழுப்பாக ஒளிவிடும், உள்ளே நார் ஓட்டமும் தெரியும்.

வெள்ளைப் பட்டையில் குறுக்குமறுக்காக வலைப்பின்னல் கோடு தெரிந்து தந்தமோ என்று சந்தேகம் வந்தால், கத்தியை விற்கவும் வாங்கவும் போகாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது பெரிய வில்லங்கம்.

குறி: கத்தி ஒரு பக்கம் சாய்கிறது, பட்டை பார்வைக்கு நேராக இருக்கிறது

கத்தியைப் பாதி திறந்து, கழுத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் கழுத்து ஆணி தளர்ந்திருக்கிறது. கீழ்ப்பக்கத் தலையை இரும்புப் பட்டறைமேல் வைத்து, மேல் தலையைச் சின்ன உருண்டைத் தலைச் சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். பத்துப் பதினைந்து தட்டு, நிறுத்து, ஆட்டிப் பார், மறுபடி தட்டு. சுத்தியின் எடைதான் வேலை செய்ய வேண்டும், கை அல்ல. ஓங்கி அடித்தால் கொம்பு துளையிலிருந்து பிளக்கும்.

ஆடவில்லை, ஆனாலும் சாய்கிறதா? ஆணியின் இரண்டு தலையும் பட்டை நுனியிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஒரு பக்கம் 9 மி.மீ., மறுபக்கம் 10 மி.மீ. என்றால் ஆணி சரிந்து நிற்கிறது. ஆணி சரிந்தால் கத்தியும் சரியும். இதற்கு ஆணியை மாற்றுவதுதான் வழி. முறை பின்னால் வருகிறது.

ஆணியும் நேர் என்றால் முதுகும் வாயும் படும்படி அலகைக் கண்ணாடித் துண்டின்மேல் மெதுவாகக் கிடத்திப் பாருங்கள். தள்ளாடினால் அலகே வளைந்திருக்கிறது. பழைய கைவேலைக் கத்திகளில் இது சகஜம். கொம்பில் எதைச் செய்தும் இதைத் தீர்க்க முடியாது. வாய் பட்டையில் இடிக்காத வரை அப்படியே விட்டுவிடுங்கள்.

குறி: ஒரு பட்டை மட்டும் உள்ளே புடைத்து வாயைத் தொடுகிறது

இதுதான் அசல் கொம்புக் கோளாறு. காரணம் தெரிந்தால் வைத்தியம் பாதி முடிந்தது. கொம்பு பிறப்பால் கூம்பு. அதை வெட்டி, சூடாக்கி, அழுத்தித்தான் தகடாக்கினார்கள். ஈரமும் சூடும் சேர்ந்து கிடைத்தால் அது பழைய வளைவைத் தேடிப் போகும். அதோடு பட்டையின் வெளிப்பக்கத்துக்குப் பாலிஷ் உண்டு, உள்பக்கத்துக்குப் பெரும்பாலும் கிடையாது. ஈரக் கத்தியை அப்படியே மடக்கினால் உள்பக்கம் நீரைக் குடித்து நீளும், வெளிப்பக்கம் நீளாது. நீளும் பக்கம் புடைக்கும், அதாவது வாய் இருக்கும் பக்கம். காசிமேடு, திருவொற்றியூர் போலக் கடற்காற்று வீடுகளில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், குளியலறை அலமாரியில் வைத்த கத்திக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எனவே முதல் மருந்து காத்திருப்பது. கத்தியை லேசாகத் திறந்த நிலையில், வாயில் துணி சுற்றி, மின்விசிறி ஓடும் அறையில் இரண்டு வாரம் வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் வேண்டாம். கத்திரி வெயிலில் மேல்தோல் மட்டும் வேகமாகக் காய்ந்து வெடிக்கும். நகைக்கடைத் தராசு இருந்தால் வாரம் இரு முறை எடை போடுங்கள். மூன்று நாளாக எடை மாறவில்லை என்றால் காய்ந்துவிட்டது. புதிதாக வந்த வளைவு இதிலேயே சரியாவது உண்டு.

காய்ந்த பிறகும் ஸ்கேலை வைத்தால் நடுவில் ஒரு அட்டைக்கு மேல் இடைவெளி தெரிந்தால் பட்டையைக் கழற்ற வேண்டியதுதான். ஒரு அட்டை நுழையாத வளைவைத் தொட வேண்டாம். பழைய பட்டைகள் லேசாக வெளியே வில் போல் இருப்பது குறையும் அல்ல. ஆப்பு கொடுக்கும் இழுப்பினால் வரும் அந்த வில்தான் கத்தியைக் கவ்விப் பிடிக்கிறது. தட்டையாக்கியே தீருவேன் என்று இறங்கினால் கத்தி தொளதொளவென்று நிற்கும்.

கழற்றும் முறை: வாயில் மாஸ்கிங் டேப் இரண்டு சுற்று. ஒரு பக்கத் தலையை மட்டும் ஊசி அரத்தால் தட்டையாகும்வரை ராவுங்கள். பட்டை கீறாமல் இருக்கத் துளை போட்ட தகரத் துண்டு ஒன்றை ஆணித்தலையைச் சுற்றி வையுங்கள். பிறகு பட்டையை ஒரு நட்டின் துளைமேல் வைத்து, 1.5 மி.மீ. பின் பஞ்ச் என்ற இரும்புக் குச்சியால் ஆணியைத் தட்டித் தள்ளுங்கள். நட்டு இல்லாமல் வெறும் பலகைமேல் வைத்துத் தட்டினால் அடி முழுக்கக் கொம்பில் இறங்கும். திருப்புளியை நடுவில் விட்டு நெம்பவே கூடாது. ஆணித்தலைக்கு அடியிலிருந்து எடுத்த வாஷர்களைத் தொலைக்காதீர்கள், அந்த அளவில் திரும்பக் கிடைப்பது பேஜார்.

இனி சூடு. இட்லிக் குண்டான் அளவுப் பாத்திரம் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். அதில் மறுபடி சமைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். போர் தண்ணீர் வேண்டாம், உப்பு வெள்ளையாகப் படியும். கேன் தண்ணீர் ஒரு லிட்டர் போதும். சென்னை கடல் மட்டத்தில் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியில்தான் கொதிக்கும். நமக்கு வேண்டியது 90 முதல் 95. கொதி வந்ததும் அடுப்பைச் சிறிதாக்கி, குமிழி அடங்கியதும் பட்டையைப் போடுங்கள். பட்டை அடியில் படாமல் இருக்க ஒரு துணியை விரித்துவிடுங்கள்.

2 மி.மீ. தடிமன் பட்டைக்கு 5 நிமிடம், 3 மி.மீ. என்றால் 8 நிமிடம். கரண்டிக் காம்பால் அழுத்தினால் செருப்புத் தோல் மாதிரி இணங்க வேண்டும். இணங்காவிட்டால் இன்னும் 2 நிமிடம். மொத்தம் 12 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

கவ்வி எல்லாம் இதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும், ஏனென்றால் வெளியே எடுத்தால் உங்களுக்கு இருப்பது பத்துப் பதினைந்து விநாடி. பட்டையைவிட நீளமான இரண்டு தேக்குக் கட்டை, மூன்று சி கிளாம்ப். நேராக்க வேண்டுமென்றால் நேராக அழுத்துவது போதாது. எதிர்ப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக வளைக்க வேண்டும். வளைவில் பாதி அளவு கூடுதல் என்பது பாதுகாப்பான கணக்கு. 3 மி.மீ. வளைவு என்றால் எதிர்ப்பக்கம் ஒன்றரை மி.மீ., அதாவது இரண்டு ஏடிஎம் அட்டை. கட்டையின் இரு முனையிலும் இரண்டிரண்டு அட்டைத் துண்டு வைத்து, புடைப்பு மேலே வரும்படி பட்டையை அவற்றின்மேல் கிடத்தி, நடுவில் கிளாம்பை இறுக்குங்கள். மேல் கட்டை விறைப்பாக இருப்பதால், அதற்கும் பட்டைக்கும் இடையே நடுவில் மட்டும் இரண்டு அட்டைத் துண்டு வைத்தால்தான் அழுத்தம் அங்கே இறங்கும். விரல் வலுவே போதும். ஸ்பானர் போட்டு இறுக்கினால் கொம்பு நசுங்கி மெலியும்.

24 மணி நேரம் அப்படியே. மழைக்காலத்தில் 48. கழற்றியதும் துள்ளிக் குதிக்காமல் இன்னொரு வாரம் வெறுமனே வைத்து மறுபடி அளந்து பாருங்கள்.

குறி: இரண்டு பட்டையும் ஒரே பக்கம் வாழைப்பழம் போல

மெத்தைக்கு அடியிலோ பீரோ மூலையிலோ பாரத்தின்கீழ் பல வருடம் கிடந்த கத்திக்கு இது வரும். வளைவு ஒன்றரை மி.மீ.க்குள் இருந்தால் ஆணியைக் கழற்றாமலே பார்க்கலாம். வாயை மூடி டேப் போட்டு, ஹேர் டிரையரைப் பத்து சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, பக்கத்துக்கு 4 நிமிடம் நகர்த்திக்கொண்டே காட்டுங்கள். கையுறையோடு எதிர்ப்பக்கம் வளைத்து, சூடு ஆறும்வரை பிடியுங்கள், அல்லது ஸ்கேலோடு சேர்த்துத் துணி நாடாவால் கட்டிவிடுங்கள்.

ஹாட் ஏர் கன் இங்கே ஆபத்து. கொதிநீர்ச் சூடு கத்தியின் பதத்தை, அதாவது எஃகின் கடினத்தை, ஒன்றும் செய்யாது. ஆனால் கன்னின் காற்று 200 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். மெல்லிய வாயில் அது பட்டு வைக்கோல் நிறம் ஏறினால் பதம் இறங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்த வாய் பிறகு தீட்டினாலும் கூர் நிற்காது.

கழற்றாத கத்தியை வெந்நீரில் முக்கவும் வேண்டாம். வாஷருக்கு அடியில் புகுந்த நீர் வெளியே வராது.

குறி: பட்டை முறுக்கிக்கொண்டிருக்கிறது

மேசையில் வைத்தால் எதிரெதிர் மூலைகள் தூக்கி நிற்கும். வெந்நீர் முறை அதேதான், கவ்வுவது வேறு. ஒரு முனையை வைஸில் துணி சுற்றிப் பிடித்து, மறுமுனையைக் கையால் எதிர்ப்பக்கம் திருகி, அந்த நிலையிலேயே ஆறவிட வேண்டும். ஒரே தடவையில் முடிக்க நினைக்காதீர்கள். முறுக்கை இரண்டு மூன்று தவணையாக, நடுவில் வாரம் ஒன்று இடைவெளி விட்டு எடுங்கள். நார் ஓட்டம் குறுக்காகப் போகும் பட்டை என்றால் முழுசாகச் சரியாகாது; பாதி தேறினாலே லாபம்.

குறி: நேராக்கியது ஒரு வாரத்தில் திரும்பக் கோணுகிறது

மூன்று காரணம் உண்டு. உள்வரை சூடு ஏறாமல் மேல்தோல் மட்டும் இளகியிருக்கலாம். அப்போது கழற்றிய அன்றைக்கே திரும்பும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே கவ்வியை எடுத்திருக்கலாம்; இரண்டு மூன்று நாளில் திரும்பும். இல்லையென்றால் உள்ளே ஈரத்தோடு கோத்திருக்கிறீர்கள். காயக் காய, வாரம் பத்து நாளில் மெதுவாகத் திரும்பும். திரும்பிய நாளை வைத்தே காரணத்தைப் பிடித்துவிடலாம்.

முதல் இரண்டுக்கும் மறுபடி செய்தால் போதும். மூன்றாவதற்கு எண்ணெய்ச் சூடு நல்லது, நீர் உள்ளே போகாது. மருந்துக்கடை லிக்விட் பாரஃபினை 110 முதல் 120 டிகிரிக்குள் வைத்து, நன்றாகக் காய்ந்த பட்டையை 2, 3 நிமிடம் முக்குங்கள். தெர்மாமீட்டர் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். பட்டையில் ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும், எண்ணெய் அதிகம் சூடேறினால் கொம்பு கருகும். கண்ணாடி, முழுக்கைச் சட்டை, பக்கத்தில் மூடி. நான்காவது தடவையும் திரும்பினால் அந்தப் பட்டையோடு சண்டை போடாமல் புதுப் பட்டை செதுக்குவது புத்திசாலித்தனம்.

குறி: சூடாக்கிய பின் வெள்ளைத் திட்டு, ஏடு ஏடாக உரிதல்

அதிகம் வெந்துவிட்டது. கொம்பு அடுக்கடுக்காக வளர்ந்தது. அடுக்குக்கு இடையே நீர் புகுந்து விலகினால் வெள்ளையாகத் தெரியும். இரண்டு வாரம் காயவிட்டுப் பாருங்கள், மேலோட்டமானது மறைந்துவிடும். மறையாத இடத்தில் தண்ணீராகப் பாயும் ஃபெவிக்விக் வகைப் பசையை ஒரு சொட்டு விட்டு, பிளாஸ்டிக் தாள் வைத்துக் கவ்வி, மறுநாள் வாட்டர் பேப்பரால் 400, 600, 1000, 2000 என்ற வரிசையில் நனைத்துத் தேயுங்கள். உலர் தேய்ப்பு வேண்டாம், கொம்புத் தூசி மூச்சுக்கு ஆகாது. கடைசியில் பாரஃபின் எண்ணெயில் ஒரு நாள் ஊற வைத்துத் துடைத்தால் நிறம் திரும்பும். தேங்காய் எண்ணெய் பழக்கமானதுதான், ஆனால் நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும்.

குறி: ஆணித் துளையிலிருந்து விரிசல்

வாஷருக்கு அடியில் பச்சைக் களிம்பு இருக்கிறதா பாருங்கள். பித்தளை களிம்பேறினால் பருக்கும், துளை தாங்காமல் கொம்பு வெடிக்கும். களிம்பை வினிகர் தொட்ட பஞ்சால் எடுத்து உடனே துடையுங்கள். விரிசலுக்குள் அதே ஃபெவிக்விக் வகைப் பசையை விட்டு, பக்கவாட்டில் கவ்வி, ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு துளையை 1.6 மி.மீ. துரப்பணத்தைக் கையால் திருகிச் சுத்தம் செய்யுங்கள். மெஷினில் போட்டால் பசை சூடாகி விட்டுவிடும். மாட்டும்போது உள்பக்கமும் ஒரு மெல்லிய வாஷர் சேர்த்தால் அழுத்தம் பரவும். விரிசல் பட்டையின் ஓரம்வரை ஓடியிருந்தால் அது அழகுக்கு வைக்க மட்டுமே, சவரத்துக்கு அல்ல.

சின்னச் சின்னப் பள்ளமாக யாரோ கடித்தது போல் இருந்தால் அது பூச்சி. கம்பளியை அரிக்கும் அதே கூட்டம்தான். பட்டையை உறையில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து, பள்ளத்தைக் கொம்புத்தூளும் அரல்டைட்டும் குழைத்து நிரப்புங்கள்.

குறி: எல்லாம் நேர், கோத்த பிறகு மறுபடி சாய்கிறது

ஆப்பைப் பாருங்கள். அது வால் பக்கம் தடித்து, கத்தி பக்கம் மெலிய வேண்டும். மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் மட்டும் ஒரே தடிமன். கீழ்விளிம்பு கால் மி.மீ. தடித்திருந்தாலே பட்டைகள் புத்தகம் விரிவது போல் விரிந்து கத்தி சாயும். கண்ணாடிமேல் 220 வாட்டர் பேப்பர் விரித்து, ஆப்பை நனைத்துத் தேய்த்துச் சமமாக்குங்கள். ஈய ஆப்பு என்றால் கழிவுத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டாமல் காகிதத்தில் துடைத்தெடுத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஆணி அடிக்கும் முன் ஒத்திகை அவசியம். ரிம்லெஸ் மூக்குக்கண்ணாடிக்குப் போடும் 1.4 மி.மீ. தடிமன் உள்ள நீளமான போல்ட்டும் நட்டும் கண்ணாடிக் கடையில் கேளுங்கள். அதை வைத்து எல்லாத் துளையையும் தற்காலிகமாக மாட்டி, இருபது தடவை திறந்து மூடிப் பாருங்கள். இந்த நிலையில் திருத்துவது ஐந்து நிமிட வேலை, ஆணி அடித்த பிறகு அரை நாள்.

ஆணிக்கு 1.6 மி.மீ. பித்தளைக் கம்பி. பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் வெல்டிங் சாமான் கடையில் அதே தடிமன் பித்தளை பிரேசிங் ராடு, மேலே மாவு பூசாததாக. மங்கிய சிவப்பு வரும்வரை ஒரு தடவை காய்ச்சி ஆறவிட்டால் மிருதுவாகும். வாஷருக்கு மேல் 0.8 முதல் 1 மி.மீ. மிச்சம் விட்டு வெட்டி, முனையை அரத்தால் தட்டையாக்குங்கள். அதிகம் விட்டால் ஆணி துளைக்குள்ளேயே வளையும். முதல் குறியில் பார்த்த சரிந்த ஆணி பெரும்பாலும் இப்படிப் பிறந்ததுதான். முதலில் ஆப்பு ஆணி, பிறகு நடு ஆணி இருந்தால் அது, கடைசியில் கழுத்து ஆணி. ஒரு பக்கம் பத்துத் தட்டு, திருப்பி மறுபக்கம் பத்து. தலை காளான் குடை போல் விரிந்து வாஷரைக் கவ்வியதும் நிறுத்துங்கள்.

பிடியின் வாலைப் பிடித்துக் கத்தியைக் கிடைமட்டமாக நீட்டினால் அலகு தானாகத் தொங்கிவிடக் கூடாது, விரலால் தள்ளினால் தடங்கலில்லாமல் நகர வேண்டும். தொங்கினால் கழுத்து ஆணிக்கு இன்னும் ஐந்து தட்டு.